கெட்டிமேளம் விழும் இடம்

என் தங்கைக்குத் தாளம் தெரியாது என்று நெடுங்காலமாக நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கை எனக்கு வசதியாக இருந்தது. எங்கள் வீட்டில் பாட்டு என்றால் அது நான்தான். அச்சுவேலிப் பக்கத்தில் கலியாணவீடு, பெண்பிள்ளை பெரியவளானால் வைக்கும் சாமத்தியவீடு, விளையாட்டுப்போட்டி என்று எங்கே ஸ்பீக்கர் அடுக்கினாலும் அதற்குப் பின்னால் கறுப்பு ரீசேட்டோடு நிற்பவன் நான். பழைய பாட்டுக்கு அடியில் புதுத் தாளம் வைப்பேன். ஒருவருடைய குரலைப் பிரித்தெடுத்து இன்னொருவருடைய இசைக்கு மேல் ஏற்றுவேன். ரீமிக்ஸ், மாஷப் என்று அதற்குப் பெயர். அந்த வேலைக்கென்றே இரண்டு நல்ல ஸ்பீக்கர்களைக் கொழும்பிலிருந்து எடுப்பித்து, எதிரொலி வராமல் அறைச் சுவரெல்லாம் முட்டைத் தட்டுகளை ஒட்டி வைத்திருந்தேன். அந்த அறைக்குள் யாரும் பேசிக்கொண்டு வரக்கூடாது என்பது வீட்டில் சட்டம்.

தங்கை என்னைவிட நான்கு வயது இளையவள். சந்தியில் ஒரு கொமினிக்கேசனில் வேலை செய்தாள். போட்டோக்கொப்பி அடிப்பது, படிவம் நிரப்பிக் கொடுப்பது, போனுக்கு ரீலோட் போடுவது எல்லாம் அங்கேதான். சின்ன வயதில் கோயில் பசனையில் அவள் கைதட்டுவது மற்றவர்களோடு ஒத்துவராது. எல்லாரும் தட்டி முடித்த பிறகு அவள் ஒன்று தட்டுவாள். அதை நான் பல வருடம் ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

ஒருநாள் மத்தியானம், ஸ்பீக்கர் கட்டுவதற்குப் பொலிஸ் அனுமதிக் கடிதம் கொப்பி அடிக்க அவளுடைய கடைக்குப் போனேன். உள்ளே பாட்டு ஒன்று போய்க்கொண்டிருந்தது. பழைய சினிமாத் தாலாட்டு. அம்மாவுக்குக்கூட அது பழைய பாட்டு. அதற்கு அடியில், பஸ்ஸிலும் போடுகிற ஓர் ஆங்கிலப் பாட்டின் கறுப்பினப் பாடகன் வேகமாகப் பேசிக்கொண்டு போகிறான். தாலாட்டுப் பாடுபவள் மூச்சு எடுக்கும் இடங்களில் மட்டும் அவன் பேசுகிறான். அவள் தொடங்கினால் இவன் நிறுத்துகிறான். இரண்டு பேரும் ஒரு பிள்ளையை நித்திரையாக்கப் பார்க்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றியது. கடையில் மூன்று பேர் வரிசையில் நின்றார்கள். அடையாள அட்டையைக் கையில் வைத்திருந்த ஒரு அம்மாவின் செருப்புக் குதி மெதுவாக நிலத்தில் தட்டிக்கொண்டிருந்தது. தட்டுவது அவவுக்கே தெரியாது.

நான் சொன்னது இதுதான்: "எடியே, சத்தத்தைக் குறை. கடையிலை சனம் நிக்குது."

அவள் திரும்பிப் பார்த்துச் சத்தத்தைக் குறைத்தாள். கடிதத்தை வாங்கி மெஷினில் வைத்தாள்.

"உது ஆர் செய்தது?" என்று பெரிய அக்கறை இல்லாதவன் மாதிரிக் கேட்டேன்.

"நான்தான் அண்ணை. சும்மா."

அந்தச் 'சும்மா'தான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் ஒரு கலவையைச் செய்து முடிக்க இரண்டு கிழமை எடுப்பேன். செய்யும்போது சாப்பாடு இறங்காது. இவள் கொப்பி அடிக்கிற இடைவெளியில், கடையில் இருந்த பழைய கொம்பியூட்டரில், இலவசமாகக் கிடைத்த ஒரு மென்பொருளில் செய்திருக்கிறாள். அதுவும் சும்மா.

அந்தப் பாட்டை அவளிடம் வாங்கிக்கொண்டு வந்து என் அறையில் போட்டுப் பார்த்தேன். பிழை பிடிப்பதற்காகத்தான் வாங்கினேன் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. பிழைகள் ஏராளம். இந்தத் தொழிலில் முதலில் இரண்டு விசயம் பொருந்த வேண்டும்: இரண்டு பாட்டின் வேகமும், இரண்டின் சுருதியும். அவளுடையதில் சுருதி ஒரு மயிரிழை விலகி நின்றது. வேகம் ஓரிடத்தில் நொண்டியது. குரலைப் பிரித்தெடுத்தபோது பழைய வயலின்களின் தூசி ஒட்டிக்கொண்டே வந்திருந்தது. அடியில் 'சர்க், டக், சர்க், டக்' என்று ஏதோ ஓடியது. அது என்னவென்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மணித்தியாலம் பிடித்தது. கடையின் போட்டோக்கொப்பி மெஷின். அதைப் போனில் பிடித்துத் தாளமாகப் போட்டிருக்கிறாள்.

எல்லாப் பிழையையும் ஒரு தாளில் எழுதினேன். எழுதி முடித்துவிட்டு மறுபடி கேட்டேன். பாட்டு அப்படியே நன்றாக இருந்தது.

பிறகு என்னுடைய பழைய கலவைகளைப் போட்டேன். எல்லாம் சுத்தம். வேகம் சரி, சுருதி சரி, ஒரு தூசி இல்லை. ஆனால் நான் எப்போதும் நிறைந்த பாட்டாகப் பார்த்து இரண்டு எடுப்பேன். இரண்டும் எனக்குப் பிடித்த பாட்டு என்பதால் இரண்டிலிருந்தும் ஒன்றையும் வெட்ட மனம் வராது. ஒரே குசினியில் இரண்டு மாமிமார் சமைக்கிற மாதிரி, இருவரும் ஒரே நேரத்தில் ஒரே அகப்பைக்குக் கை நீட்டுவார்கள். அவள் எடுப்பவை அப்படி இல்லை. ஒன்று வார்த்தையால் நிறைந்திருந்தால் மற்றது வெறுமையாக இருக்கும். ஒரு பாட்டில் எங்கே ஆள் இல்லையோ அங்கே மற்றப் பாட்டைக் கொண்டுபோய் இருத்துகிறாள். அவ்வளவுதான் வித்தை. இவ்வளவு சின்ன விசயம் எனக்கு ஏன் இத்தனை வருடம் பிடிபடவில்லை என்று அவள் மேல் கோபம் வந்தது. என் மேல் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

இன்னொன்றும் இருந்தது. கேட்பவருக்கு இரண்டு பாட்டும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். பூசை செய்கிற ஐயரைக் கடற்கரையில் அரைக்காற்சட்டையோடு கண்டால் வருமே ஒரு சிரிப்பு, அது ஐயரைத் தெரிந்தவனுக்குத்தான் வரும். நானோ யாருக்கும் தெரியாத பாட்டுகளைத் தேடித் தேடி எடுத்து என் கெட்டித்தனத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். அவள் எடுப்பதெல்லாம் பஸ்ஸில் போடுகிற, எல்லாருக்கும் தெரிந்த பாட்டு.

இந்த எரிச்சலோடுதான் எங்கள் மாமாவின் மகளுடைய கலியாணத்துக்குள் போனேன்.

மாமா அம்மாவின் தம்பி. அவருடைய மகள், எங்கள் மச்சாள், சின்ன வயதிலேயே கனடாவுக்குப் போனவள். கலியாணத்தை இங்கே வைக்கவேண்டும் என்று அவள்தான் பிடிவாதமாக நின்றாள். காலையில் தாலிகட்டு, பிறகு உடுப்பு மாற்றிக்கொண்டு மாப்பிள்ளையும் பொம்பிளையும் சாப்பாட்டு மண்டபத்துக்குள் வரும்போது ஒரு பாட்டு. அந்தப் பாட்டை என்னிடம் கேட்டாள். மூன்று கிழமை இருந்து செய்தேன். அவள் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று முட்டைத்தட்டு அறையில் இருத்திப் போட்டுக் காட்டினேன்.

"நல்லாயிருக்கு அத்தான்" என்றாள். உப்பில்லாத கறிக்கும் விருந்தாளிகள் அப்படித்தான் சொல்வார்கள்.

தேத்தண்ணியோடு வந்த தங்கையிடம் அவள் கேட்டாள்: "மச்சாள், நீங்களும் செய்யிறனீங்களாம். ஒண்டு போடுங்கோவன்."

தங்கை மாட்டேன் என்றாள். பிறகு போனை எடுத்தாள். போனின் சின்ன ஸ்பீக்கரில்தான் போட்டாள். எங்கள் பக்கத்துக் கலியாணவீட்டு வீடியோக்களில் எல்லாம் வருகிற, எல்லாருக்கும் மனப்பாடமான பழைய பாட்டொன்று. பெண்குரல் மட்டும். அடியில் மிக மெதுவான, கனத்த ஹிப்ஹொப் தாளம். அந்தக் குரல் ஒரு வரியைக் கேள்வியாகக் கேட்டு நிற்கிறது. தாளமும் நிற்கிறது. அரை மூச்சுக்கு ஒன்றுமே இல்லை. பிறகு யாரோ ஒரு மனிதர் "கெட்டிமேளம், கெட்டிமேளம்!" என்று கத்துகிறார். தவிலும் அந்த அடித்தாளமும் ஒன்றாக விழுகின்றன.

மச்சாள் கதிரையிலிருந்து எழுந்தே விட்டாள். "இதுதான்! எனக்கு இதுதான் வேணும்!"

"இல்லை மச்சாள், அண்ணை செய்ததுதான் வடிவு. இது சும்மா போனிலை பிடிச்சது" என்றாள் தங்கை. கொடிகாமத்தில் தன்னோடு படித்தவளின் கலியாணத்தில், தாலி கட்டுகிற நேரம் அந்தக் கெட்டிமேளத்தைப் பிடித்ததாம். குழந்தை அழுகிறது, யாரோ தும்முகிறார், எல்லாம் அதற்குள் இருந்தது. எனக்காகப் பரிந்து பேசினாளே, அது வேறு. அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும்.

மச்சாள் போன பிறகு தங்கையிடம் சொன்னேன்: "தவில்காரர் போகப்போக வேகத்தைக் கூட்டிக்கொண்டு போறார். உன்ரை தாளம் அவருக்குப் பின்னாலை இழுபடுது. தா, நேராக்கித் தாறன்."

"நேராக்கினா அவர் அவசரப்படுறது போயிடும் அண்ணை. தாலி கட்டேக்கை எல்லாருக்கும் அவசரம்தானே."

"உனக்கு உது விளங்காது" என்றேன்.

ஆனாலும் அவளுக்குத் தெரியாமல் அவளுடைய போனிலிருந்து ஒரு பிரதி எடுத்து, அந்தப் பிரதியையே நேராக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு தவில் அடியையும் வெட்டி, கோடு போட்ட கொப்பியில் எழுத்து வைக்கிற மாதிரி அதனதன் இடத்தில் வைத்தேன். தும்மலை எடுத்தேன். குழந்தையை எடுத்தேன். அந்த அரை மூச்சு வெறுமையைக் கணக்குப் பார்த்து ஒழுங்காக்கினேன். போட்டுக் கேட்டால் செத்துப்போய்க் கிடந்தது. தவில் இருக்கிறது, கலியாணம் இல்லை. எந்த அடியில் உயிர் போனது என்று தேடினேன். ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்துப் பார்த்தேன். உயிர் திரும்பவில்லை. என் தங்கை கைதட்டும்போது ஏன் எல்லாருக்கும் பிந்தித் தட்டினாள் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். யோசித்தது பிடிக்காமல் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு வெளியே போனேன்.

கலியாண நாள் வந்தது. மண்டபத்தின் பக்கச் சுவரோரம் என் மேசை. மிக்சர், மடிக்கணினி, அதில் மச்சாள் பிடிவாதமாகக் கேட்ட பாட்டோடு தங்கையின் பென்டிரைவ். சனம் வந்து அமரும்வரை மெல்லிய சத்தத்தில் பக்திப்பாட்டுப் போட்டேன். பிறகு மேளகாரர் தொடங்க, பாட்டை நிறுத்தினேன். நிறுத்தினேனே தவிர, மிக்சரில் மடிக்கணினியின் சத்தத்தைப் பெரிய ஸ்பீக்கருக்கு விடுகிற ஸ்லைடரைக் கீழே இறக்கவில்லை. இந்தத் தொழிலில் இதுதான் முதல் பாடம். இதை மறந்ததற்காக எத்தனை பேரை நான் பேசியிருக்கிறேன்.

தாலியைத் தேங்காயோடு தட்டில் வைத்துச் சபையில் ஆசீர்வாதத்துக்குக் கொண்டுபோனார்கள். பெரியவர்கள் ஒவ்வொருவராகத் தொட்டுக் கும்பிட வேண்டும். அதற்கு நேரம் எடுக்கும். அதற்குப் பின்னாலேயே தங்கை இன்னொரு தட்டில் அறுகரிசியும் பூவும் கொண்டுவந்து எல்லாருடைய கையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். தாலி கட்டும்போது மணவறையை நோக்கித் தூவுவதற்கு. மேளகாரர் அந்த இடைவெளியில் தேத்தண்ணி குடித்தார்கள். ஐயர் தாழ்ந்த குரலில் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. மிக்சரில் செருகிய ஹெட்போனைக் காதில் கவிழ்த்துக்கொண்டு தங்கையின் பாட்டைத் திறந்தேன். மத்தியானத்துக்கு முன்னால் அதில் ஒரு நல்ல பிழை பிடித்துவிட வேண்டும் என்பதுதான் என் எண்ணம். 'இதைப் பெரிய ஸ்பீக்கரில் போட்டால் இரையும், என்னுடையதையே போடுவோம்' என்று மச்சாளிடம் சொல்ல ஒரு காரணம் தேவைப்பட்டது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.

பெண்குரல் வந்தது. சபைக்கும் அது கேட்டிருக்கிறது. மறுபடி பக்திப்பாட்டுத்தான் என்று யாரும் கவனிக்கவில்லை. கேள்வி வந்தது. வெறுமை வந்தது. "கெட்டிமேளம், கெட்டிமேளம்!"

நான் கண்ணைத் திறந்தபோது மண்டபம் முழுக்க அறுகரிசி பறந்துகொண்டிருந்தது.

எங்கள் சனத்துக்கு இது காதால் கேட்டு மூளையால் யோசிக்கிற விசயம் இல்லை. கெட்டிமேளம் என்றால் கை தானாக எழும்பும். முன் வரிசை, பின் வரிசை, வாசலில் நின்றவர்கள், எல்லாரும் எழுந்து மணவறைக்கு எறிந்துவிட்டார்கள். தவில்காரர் தேத்தண்ணிக் கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டு, என்ன ஏது என்று பார்க்காமல் ஓங்கி அடிக்கத் தொடங்கிவிட்டார். நாதஸ்வரக்காரர் வாயில் இருந்த வடையை விழுங்கப் பாடுபட்டார். மாப்பிள்ளை ஐயரிடம் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு எழுந்துவிட்டார், தாலி எங்கே என்று. தாலி மூன்றாம் வரிசையில் ஒரு பெரியம்மாவின் மடியில் இருந்தது. அவவும் தட்டை மடியில் வைத்துக்கொண்டே பூவை எறிந்திருந்தா.

ஸ்லைடரை இழுத்தேன். தவில்காரரும் கையை நிறுத்தினார். மாமா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"ஆரடா உது போட்டது? தாலி இன்னும் தட்டிலை கிடக்குது!"

அந்த நேரத்தில் வாயிலிருந்து வந்ததை இப்போது எழுதவும் கூச்சமாக இருக்கிறது. "நான் போடேல்லை மாமா. தங்கச்சியின்ரை பாட்டு. பென்டிரைவிலை இருந்து தானாப் பாடத் தொடங்கிட்டுது. உவள்தான் அதுக்குள்ளை கெட்டிமேளத்தைக் கொண்டுபோய் வைச்சிருக்கிறாள்."

எல்லாரும் தங்கையைப் பார்த்தார்கள். அவள் வெறும் தட்டோடு நடுவில் நின்றாள். தானாகப் பாடாது என்பது அந்த மண்டபத்தில் என்னைத் தவிர அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவள் என்னைப் பார்த்தாள். சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"பிள்ளை, விளையாட்டுக்கும் ஒரு அளவில்லையோ?" என்றார் மாமா. "கலியாணவீட்டிலை ஆரும் உந்த வேலை பாப்பினமோ?"

"குறை நினையாதேங்கோ மாமா. அந்தப் பாட்டு இனிப் போடமாட்டம்" என்றாள். மேசைக்கு வந்து பென்டிரைவைக் கழற்றிக் கைக்குள் பொத்திக்கொண்டாள். மேலும் அறுகரிசி கொண்டுவர உள்ளே போனாள்.

ஐயர்தான் நல்ல மனிதர். "விழுந்தது ஆசீர்வாதம்தானே, இன்னொருக்காப் போடுங்கோ" என்று சொல்லிச் சமாளித்தார். உண்மையான தாலிகட்டு வந்து உண்மையான கெட்டிமேளம் அடித்தபோது சனம் முதலில் திரும்பி என் மேசையைப் பார்த்தது. பிறகுதான் எறிந்தது.

மத்தியானம் மாப்பிள்ளையும் பொம்பிளையும் சாப்பாட்டு மண்டபத்துக்குள் வந்தார்கள். என் பாட்டைப் போட்டேன். நான் ஆசைப்பட்டது நடந்தது. இரைச்சல் இல்லை, பிசகு இல்லை, பெரிய ஸ்பீக்கரில் கண்ணாடி மாதிரிக் கேட்டது. சனம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தது. மூன்று கிழமை வேலை, மூன்று நிமிடத்தில் அப்பளம் நொறுங்கும் சத்தத்துக்குள் முடிந்தது. மச்சாள் சிரித்த முகத்தோடுதான் நடந்து வந்தாள். வரும்போது ஒரு தரம் என் தங்கையைத் தேடிப் பார்த்தாள். தங்கை பந்தியில் வாழையிலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் ஒன்றும் செய்யவில்லை. என்னோடு கோபம் இல்லை; சாப்பாடு போட்டாள், கதைத்தாள். ஆனால் கடைக்குப் போனால் போட்டோக்கொப்பி மெஷினின் சத்தம் மட்டும்தான். கொம்பியூட்டர் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தது. ஒருநாள் அவளுடைய போனில் தேடினேன், அந்த மாதிரி வேலைகள் ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டாள்.

இரண்டு நாள் எனக்கு நிம்மதியாக இருந்தது. சொல்லத்தான் வேண்டும், நன்றாக நித்திரை வந்தது. மூன்றாம் நாள் அந்தக் கெட்டிமேளப் பாட்டைக் கேட்கவேண்டும் போல் இருந்தது. என்னிடம் இருந்தது நான் நேராக்கிய செத்த பிரதி மட்டும். அதை வைத்துக்கொண்டு அந்தத் தும்மல் எங்கே வந்தது என்று நினைவில் தேடிக்கொண்டிருந்தேன். ஒருத்தி தன் கையாலேயே அழித்துவிட்டாள், இனி எனக்குப் போட்டி இல்லை. அப்படியிருந்தும் பொறாமை தணியவில்லை. இல்லாத பாட்டின் மேல் பொறாமைப்படுவது இருக்கிற பாட்டின் மேல் பொறாமைப்படுவதை விடக் கஷ்டம், ஏனென்றால் பிழை பிடிக்கவும் வழி இல்லை.

ஒன்றிரண்டு மாதத்தில் கலியாண வீடியோ வந்தது. மச்சாளும் மாப்பிள்ளையும் கனடாவுக்குத் திரும்பிப் போயிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மாமா வீட்டு ரீவியில் போட்டார்கள். மாமா, மாமி, அம்மா, தங்கை, நான். கலியாணத்துக்கு இரண்டு கமரா வைத்திருந்தார்கள். ஒன்று மணவறையை விட்டு அசையாது. மற்றது சபைக்குள் திரிந்து தாலித்தட்டின் பின்னாலேயே போனது. தட்டு மூன்றாம் வரிசைக்கு வந்தது. பெரியம்மா தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினா. அவவின் தலைக்குப் பின்னால், சுவரோரம், என் மேசை.

எல்லாம் துலக்கமாகத் தெரிந்தது. நான் ஹெட்போனைக் காதில் கவிழ்க்கிறேன். குனிந்து மடிக்கணினியைப் பார்க்கிறேன். ஒரு விரலால் அமத்துகிறேன். பாட்டுத் தொடங்குகிறது.

மாமி "ஐயோ, உந்த இடத்தை ஏன் வெட்டேல்லை" என்று சிரித்தா. மாமா சிரிக்கவில்லை. ரீவியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

திரையில் நான் கண்ணை மூடியிருந்தேன். பெண்குரலுக்குத் தலை மெல்ல ஆடியது. பிறகு தோள். வெறுமை வந்த இடத்தில், நான்தான் என்று நம்ப முடியாத அந்த மனிதன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கி நின்றான். கெட்டிமேளம் விழுந்தது. அவன் இரண்டு கையையும் மேலே தூக்கி, இடுப்பை வளைத்து, வாயைத் திறந்துகொண்டு ஆடினான். உண்மையான தவில் வந்து சேர்ந்தபோது இன்னும் கூட ஆடினான். மணவறைக்குப் போகவேண்டிய அறுகரிசியில் பாதி அவன் தலைக்கு மேலால் போனது. சபையில் ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை, எல்லாரும் மணவறையைப் பார்த்து எறிந்துகொண்டிருந்தார்கள். அவனுக்கும் யாரும் தேவைப்பட்டதாகத் தெரியவில்லை. இது எதுவும் எனக்கு நினைவில் இல்லை. நான் அசையாமல் நின்று கேட்டேன் என்றுதான் சத்தியம் பண்ணியிருப்பேன்.

மாமா வீடியோவை நிறுத்தினார்.

"நான்தான் போட்டனான் மாமா" என்றேன். "தானாப் பாடேல்லை. தங்கச்சியிலை ஒரு பிழையும் இல்லை. நான் பொய் சொன்னனான்."

மாமா பேசத் தொடங்கினார். அவருக்கு அன்றைக்குச் சபையில் போன மானம், மகளுடைய சகுனம், வளர்ந்த ஆம்பிளை தங்கச்சியின் தலையில் பழியைப் போட்டது, எல்லாம் வரிசையாக வந்தது. அம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன்.

அதற்கிடையில் தங்கை ரிமோட்டை எடுத்து வீடியோவைப் பின்னுக்கு இழுத்தாள். நான் அமத்துகிற இடத்துக்கு என்று நினைத்தேன். அதைத் தாண்டி வந்து, கெட்டிமேளத்தில் விட்டாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். மறுபடி இழுத்தாள். தவில்காரர் கோப்பையை வைத்துவிட்டு வந்து சேர்கிற அடி, அவளுடைய தாளத்துக்குக் கொஞ்சம் பிந்தி விழுகிறது. அந்த இடத்தில் அவளுடைய விரல் முழங்காலில் தட்டியது. நான் இங்கே வெட்கத்தால் செத்துக்கொண்டிருக்கிறேன், அவள் அங்கே எங்கே வெட்டலாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அந்த நேரத்திலும் எனக்கு எரிந்தது.

மாமா தண்ணீர் குடிக்க எழுந்து போனார். நான் மெதுவாகக் கேட்டேன்: "நான்தான் போட்டனான் எண்டு தெரிஞ்சுகொண்டும் ஏன் அண்டைக்குச் சொல்லேல்லை?"

"போட்டது அண்டைக்கே தெரியும் அண்ணை" என்றாள், ரீவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீங்கள் ஆடினதுதான் தெரியாது."

மூன்றாம் தரமும் பின்னுக்கு இழுத்தாள். இந்தமுறை கண்ணைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தாள், திரையில் ஆடுகிற என்னை. அவளுடைய முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. பத்து வருடமாக நான் ஊர் ஊராக ஸ்பீக்கர் அடுக்கிக் காத்துக்கொண்டிருந்தது அந்த ஒன்றுக்காகத்தான்: தன்னை மறந்து ஆடுகிற ஒரே ஒரு ஆள். அவளுக்கு அது கிடைத்துவிட்டது, கிடைத்த ஆளும் நானாக இருந்தேன்.